காரணங்களைப் பறிமுதல் செய்தவர்

ஓ.எல். எனப்படும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மூன்று தடவை தவறியவன் நான். அப்படிப்பட்டவன், கண்டியில் நடந்த ஓர் ஆசிரியர் கருத்தரங்கில் மேடையேறி, ‘இடைநிலை மாணவரின் அடைவு மட்டத்தில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்’ என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். பேசியதோடு இறங்கியிருந்தால் முட்டாள்தனம் என்ற ஒரு சொல்லோடு போயிருக்கும். நான் பேசி முடித்த பிறகும் கைதட்டலுக்காக மேடையிலேயே நின்றேன். கைதட்டலும் வந்தது. அடுத்தது பகல் சாப்பாடு என்பதால்தான் அத்தனை பேரும் அவ்வளவு மகிழ்ச்சியோடு தட்டினார்கள் என்பது, ஓய்வூதியம் எடுக்கும் இந்த வயதில்தான் எனக்கு விளங்குகிறது.

பேச்சில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. வறுமை, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா, இல்லாத வெளிச்சம், குடிக்கிற அப்பா, விடியமுன் கொழுந்து பறிக்கப் போகிற அம்மா, வராத பஸ், நியமிக்கப்படாத ஆசிரியர், நிறுத்தப்படாத யுத்தம். கரும்பலகையின் நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ‘மாணவர்’ என்று எழுதி, எல்லாப் பக்கத்திலிருந்தும் அம்புக்குறி இழுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது பிள்ளையைச் சுற்றி வளைத்து ஈட்டியால் குத்துவதுபோல இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

அப்போது முன்வரிசையில் ஒரு கை எழும்பியது. எங்கள் பாடசாலையின் கணக்கு மிஸ். பெயர் எதற்கு? பெயர் சொல்லி அழைக்கும் துணிவு எங்கள் அதிபருக்கே இருந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் நிலைத்தவர். மெலிந்த உயரமான உருவம். மழைக்காகவா வெயிலுக்காகவா எங்களுக்காகவா என்று தெரியாத ஒரு கறுப்புக் குடை எப்போதும் கையில்.

“மாஸ்டர், வடிவாப் பேசினியள். இவ்வளவு காரணத்தில நாளைக்குக் காலமை ஒண்டைக் குறைக்கலாமெண்டால், எதைக் குறைப்பியள்?”

நான் தொண்டையைச் செருமினேன். “அதுக்கு மேலதிக ஆய்வு தேவைப்படும் மிஸ்.”

“ஓம், ஆறுதலா ஆராயுங்கோ. பிள்ளையள் எங்கயும் போகாயினம். அதே வகுப்பிலதான் இருப்பினம்.”

உட்கார்ந்துவிட்டார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதபோது சேர்ந்து சிரிப்பதுதான் பாதுகாப்பு.

மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளிடமிருந்து போளை, கவண், சினிமாப் படம் ஒட்டிய கொப்பி என்று பறிமுதல் செய்வார்கள். கணக்கு மிஸ் பறிமுதல் செய்தது காரணங்களை. வீட்டுக்கணக்கு செய்யாமல் ஒரு பிள்ளை எழுந்து நின்றால் அவர் திட்டமாட்டார், பிரம்பு எடுக்கமாட்டார். உள்ளங்கையால் மேசையைத் தட்டி, “காரணத்தை மேசையில வையுங்கோ” என்பார். அவ்வளவுதான். வைத்த காரணம் திரும்பக் கிடைக்காது.

ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, புதுசு பாவம், “வீட்டுல வெளக்கு இல்ல மிஸ்” என்று வைத்தது. மறுநாள் காலை மேசையில் ஓர் அரிக்கன் லாம்பு இருந்தது. சிமினி துடைத்து, திரி வெட்டி, எண்ணெயும் ஊற்றி. “இந்தாரும், உம்மட வெளிச்சம்.” அந்தப் பிள்ளை பின்னேரம் லாம்பைத் தூக்கிக்கொண்டு மலையேறியதைப் பார்த்தேன். பரிசு வாங்கியவள் நடக்கும் நடையாக அது இல்லை. இருந்த ஒரே சொத்தைப் பறிகொடுத்தவள் மாதிரி நடந்தாள்.

இன்னொருவன் கெட்டிக்காரன். கணக்குக் கொப்பியை ஆடு தின்றுவிட்டது என்றான். ஆட்டை எப்படிப் பறிமுதல் செய்வார் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் கட்சி பிரிந்து பேசினோம். சனிக்கிழமை மிஸ் குடையோடு லயத்துக்குப் போய், ஆட்டைக் காட்டச் சொன்னாராம். அவனுடைய அப்பா, டீச்சர் ஆடு வாங்க வந்திருப்பதாக நினைத்து வாயைத் திறந்து பல் காட்டினாராம். தன் பல்லை அல்ல, ஆட்டினுடையதை. மிஸ் ஆட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, வீட்டில ஒராளெண்டாலும் கணக்கில வாய் வைச்சிருக்கு” என்றாராம். திங்கட்கிழமை அவனுக்குப் புதுக் கொப்பி கிடைத்தது. அதை ஆடு எட்டாத உயரத்தில் தொங்கவிட ஓர் ஆணியும் கிடைத்தது. ஆணியைக் கூரையடியில் அப்பாவே அடித்தார். அன்றிலிருந்து அவனைப் பாடசாலையில் ‘ஆடு’ என்றுதான் கூப்பிட்டோம்.

எனக்கு அவரிடம் மரியாதை இருந்தது என்று எழுதினால் பொய். பயம் இருந்தது. ஆசிரியர் அறை என்பது காரணங்கள் தயாராகும் தொழிற்சாலை. ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்தபின் அதிபர் ஒரு கூட்டம் வைப்பார். தேநீரும் மீன் வைத்த மாலுபணிஸும் வரும். ஒவ்வொருவராக எழுந்து தம் பாடத்தில் பிள்ளைகள் ஏன் தவறினார்கள் என்று சொல்லுவோம். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இல்லை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் இல்லை. நான் தமிழ். பிள்ளைகளுக்குத் தாய்மொழி மீது பற்றில்லை என்று சொல்லிவிட்டு பணிஸைக் கடிப்பேன். கடைசியில் கணக்கு மிஸ் எழும்புவார். “கொஞ்சப் பிள்ளையள் சித்தியில்லை. நான் விளங்கப்படுத்தினது காணாது.” உட்கார்ந்துவிடுவார். அறையில் பணிஸ் மெல்லும் சத்தம்கூட நின்றுவிடும். இதைவிட ஒரு சக ஊழியர் மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய துரோகம் உண்டா?

அவர் தோற்றது ஒரே ஒரு தடவை. கொழும்பில் ஏதோ வெடித்து, இங்கே சுற்றிவளைப்பு நடந்த ஒரு கிழமை. மேசையில் காரணத்தை வைக்கச் சொன்னபோது ஒரு பையன், “அண்ணன புடிச்சிட்டுப் போயிட்டாங்க மிஸ்” என்றான். மிஸ் சோக்கைக் கீழே வைத்தார். குடையை எடுத்தார். நேரே பொலிசுக்குப் போனார். நாளைக்கு வா என்றார்களாம். அங்கே வாங்கில் உட்கார்ந்து பின்னேரம்வரை கொப்பி திருத்திவிட்டு வந்தார். மறுநாளும் போனார். சில நாட்களில் அண்ணனை விட்டுவிட்டார்கள். காரணம் சொல்லாமல் பிடித்தார்கள், காரணம் சொல்லாமல் விட்டார்கள். காரணமே சொல்லாத ஒரு திணைக்களத்தை மிஸ் வாழ்நாளில் அப்போதுதான் சந்தித்தார். அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தப் பையனிடம் அந்தக் கிழமை வீட்டுக்கணக்கை அவர் கேட்கவே இல்லை. அதைத்தான் தோல்வி என்கிறேன்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன், எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்தில், நகரத்தில் அவர் இருந்த வாடகை வீடு எரிந்தது. கட்டிய சேலையோடு முகாமுக்குப் போனார். பாடசாலை திறந்த முதல் நாள் வாசலில் யார் வருகிறார் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. முகாமில் யாரோ கொடுத்த சேலை. உடம்பு முழுவதும் தட்டுப் பெரிதில் சூரியகாந்திப் பூக்கள். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் அப்பால் ஒரு நிறம் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர், பூந்தோட்டம்போல நடந்து வந்தார். குடை மட்டும் பழையது.

அதிபர் கதிரையைவிட்டு எழும்பினார். “மிஸ், நீங்க ஒரு ரெண்டு கெழம லீவு எடுக்கலாமே.”

“எதுக்கு சேர்?”

“இல்ல... நடந்ததுக்கு.”

“நடந்தது வீட்டுக்கு. வகுப்புக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?”

வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்து சேலையைப் பார்த்தன. “என்ன பாக்கிறியள்? பலகையில பூ இல்லை” என்றார். விடுமுறைக்குமுன் பாதியில் விட்ட கணக்கின் அடுத்த வரியை எழுதினார். அன்று என் சட்டைப்பையில் நானும் ஒரு லீவு விண்ணப்பம் வைத்திருந்தேன். என் வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. ஆனாலும் மனம் பாதிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தேன். அதை மடித்து மடித்துப் பல் குத்தும் அளவுக்குச் சிறிதாக்கிவிட்டுப் பாடமெடுக்கப் போனேன்.

அந்த நாட்களில் வடக்கத்தியார் பலர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். “நீங்க ஏன் மிஸ் போகல?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“காரணம் கேக்கிறியளோ?” ஒரு பார்வை. பிறகு, “கேத்திரகணிதம் இன்னும் முடியேல்லை மாஸ்டர்.”

அடுத்த வருடமும் கேத்திரகணிதம் முடியவில்லை. அதற்கடுத்த வருடமும் முடியவில்லை.

இப்படி ஊரார் காரணங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தவர், என்னுடையவற்றில் கை வைத்த கதைக்கு வருகிறேன். தோட்டப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லையென்று, கணிதம் தேறாத எங்களைப் போன்றோரையும் அரசாங்கம் ஒரு காலத்தில் வேலைக்கு எடுத்திருந்தது. பின்னர் அதற்கு ஞானம் பிறந்தது. அடுத்த பரீட்சையில் கணிதம் தேறாதவர்களின் நியமனம் இரத்து என்று சுற்றறிக்கை வந்தது. அதை அதிபர் ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்தார். எனக்கு அப்போதுதான் ஹுன்னஸ்கிரியவில் பெண் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை கவர்மெண்ட் வாத்தியார் என்று அந்தத் தோட்டத்தில் மாமனார் சொல்லாத லயம் கிடையாது.

கணக்கு மிஸ் திருத்திக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எத்தினை தரம் எழுதினியள் மாஸ்டர்?”

“மூணு தடவ மிஸ்.”

“மேசையில வையுங்கோ.”

வைத்தேன். “மொத தடவ காய்ச்சல். ரெண்டாவது தடவ கலவரம் நடந்த வருஷம், மனசு சரியில்ல. மூணாவது தடவ பரீட்சை மண்டபத்துல என் வாங்குக்கு ஒரு கால் கட்டை. ஆடிக்கிட்டே இருந்துச்சு.”

“எந்தக் கால்?”

“மு... முன்னால, வலது கால் மிஸ்.”

“நாளைக்கு நாலாம் பாடம் உங்களுக்கு ஓய்வுதானே? ஓ.எல். வகுப்பில கடைசி வாங்கில வந்து இருங்கோ. அதுக்கு நாலு காலும் சரி. நான் பாத்திட்டன்.”

மூன்றாம் பாடம் அதே வகுப்புக்கு நான் தமிழ் எடுப்பேன். மணி அடிக்கும். மேசையில் இருந்த என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வகுப்பைவிட்டு வெளியே போகாமலே, கடைசி வாங்குக்கு நடப்பேன். ஒரு மனிதன் தரம் தாழ்வதற்கு இவ்வளவு குறைந்த தூரம் போதும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஆடு. முதல் நாளே என் காதருகே குனிந்து, “சேர், பயப்படாதீங்க. மிஸ் கேட்டா நான் மெதுவா சொல்லித் தாரேன்” என்றான். மூன்றாம் பாடத்தில் அவனை நான் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன்.

மிஸ் அந்த அறையில் என்னை மாஸ்டர் என்று அழைப்பதில்லை. “கடைசி வாங்கு, கொப்பி எங்க?”

“மிஸ், நேத்து எங்க போர்டிங்குல கரண்ட் இல்ல.”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். முன்வாங்கிலிருந்து ஹந்தானைப் பிள்ளை திரும்பினாள். “சேர், வேணும்னா என் லாம்ப கொண்டாந்து தரவா?”

வகுப்பு மேசையில் தட்டிச் சிரித்தது. மறுநாள் நானும் ஒரு லாம்பைத் தூக்கிக்கொண்டு பிலிமத்தலாவை பஸ்ஸில் நின்றேன். ஒரு பெரியவர் எழும்பி இடம் கொடுத்தார். ஏதோ கோயில் காரியம் என்று நினைத்திருப்பார்.

பரீட்சை நெருங்கியபோது நாடு எனக்கு உதவிக்கு வந்தது. வடக்கில் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்க, தெற்கில் இன்னொன்று தொடங்கியிருந்த காலம். சுவர்களில் கையெழுத்துப் போடாத சுவரொட்டிகள். கடையைத் திறக்காதே, பஸ்ஸை ஓட்டாதே. ஒத்திவைத்து ஒத்திவைத்து ஒருவழியாகப் பரீட்சைக்குத் திகதி வைத்தார்கள். அதற்கு முதல்நாள், மறுநாள் ஹர்த்தால் என்று செய்தி பரவியது. நான் பிலிமத்தலாவையில், பரீட்சை கண்டியில், நடுவில் ஒரு சக்கரமும் உருளாது. காய்ச்சல், கட்டைக் கால் என்று சில்லறைக் காரணங்களோடு காலம் தள்ளியவனுக்கு முதன்முறையாக ஒரு தேசியக் காரணம்! யாராலும் பறிமுதல் செய்ய முடியாதது. பிற்பகலில் கட்டிலில் மல்லாந்து, கைகளைத் தலைக்குக் கீழே கொடுத்து, இதை அடுத்த கருத்தரங்கில் எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஹோர்ன் சத்தம்.

லொறி. ஸ்டியரிங்கில் பாடசாலைக்குப் பக்கத்து வெங்காயக் கடை ஹாஜியார். அருகில் குடை. குடைக்குப் பின்னால் மிஸ்.

“உடுப்பை எடுங்கோ மாஸ்டர். பெடியள் எல்லாரும் ஹாஜியாற்ற கடை மேல்மாடியில. பெட்டையள் என்னோட. உங்களுக்கும் ஒரு பாய் போட்டாச்சு.”

“மிஸ், வழியில சுட்டுட்டாங்கன்னா?”

“அது வழியில வாற காரணம். இப்ப லொறி வாசலில நிக்குது.”

ஹாஜியார் தலையை வெளியே நீட்டினார். “ஏறுங்க மாஸ்டர். பின்னுக்கு வெங்காயம் ஈக்கி, பாத்து ஒக்காருங்க. நசுங்கினா ஒங்களுக்கு ஒண்டுமில்ல, எனக்குத்தான் நட்டம்.”

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். பேராதனையைத் தாண்டும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. இறங்கியதும் ஹாஜியாரிடம் வெங்காயத்தால் என்றேன். மூட்டையில் கட்டிய முழு வெங்காயம் யாரையும் அழவைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? “அப்பிடித்தான் மாஸ்டர், அப்பிடித்தான்” என்று முதுகில் தட்டினார்.

பரீட்சை மண்டபம். காய்ச்சல் இல்லை. வாங்கை அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. வெடிச்சத்தம் ஒன்றாவது கேட்குமா என்று காது கொடுத்தேன், காகம்கூடக் கரையவில்லை. ஜன்னலுக்கு அப்பால் ஹந்தானை மலைமேல் எந்நாளும் கிடக்கும் பனிமூட்டம்கூட அன்றைக்கு விலகி, வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. உலகம் முழுவதும் எனக்கெதிராகச் சதி செய்ததுபோல எல்லாமே சரியாக இருந்தது. வினாத்தாளைத் திருப்பினேன். முக்கோணம் ஒன்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் எங்கோ பார்த்த ஞாபகம், அவ்வளவுதான்.

மாதங்கள் கழித்துப் பெறுபேறு வந்தது. ஹந்தானைப் பிள்ளைக்கு அதிவிசேட சித்தி. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பையன் சித்தி. ஆடு திறமைச் சித்தி. அந்த வகுப்பில் கணிதம் தவறியவர் ஒரே ஒருவர். அவர் அந்த வகுப்புக்குத் தமிழும் கற்பித்தவர்.

பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. “பேப்பர் சரியான கஷ்டம் சேர்” என்றாள் லாம்புக்காரி. “கடையில படுத்ததுல சேருக்கு நித்திரை இல்ல, அதான்” என்றான் ஆடு. தங்களுக்கு ஒரு வருடமாகக் கிடைக்காத பொருளை, எங்கிருந்தோ தேடியெடுத்து, எனக்குத் தந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

அதிபர் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். நாட்டின் அசாதாரண சூழ்நிலை காரணமாக, கணிதம் தேறாத ஆசிரியர்களுக்கு இன்னும் ஒரேயொரு பரீட்சை தரப்பட்டிருக்கிறதாம். அரசாங்கமும் என் சாதிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அதுதான் கடைசி. அதிலும் தவறினால் வேலையில்லை. வேலையில்லாவிட்டால் ஹுன்னஸ்கிரியவும் இல்லை. மாமனாருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பாடசாலை விட்டபின் ஓ.எல். வகுப்பை நோக்கி நடந்தேன். மிஸ் அங்கே இருப்பார். போகும் வழியெல்லாம் என்னை நானே சோதனை போட்டேன். காய்ச்சல்? இல்லை. வாங்கு? பார்த்துவிட்டார். வெளிச்சம்? லாம்பு. பஸ்? லொறி. நித்திரை? ஆடும் அதே பாயில்தான் படுத்தான், அவனுக்குத் திறமைச் சித்தி. ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. மேடையில் அத்தனை அம்புக்குறி இழுத்த கை, கதவருகே வந்தபோது வெறுங்கையாக இருந்தது.

மிஸ் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்.

“வையுங்கோ.”

நின்றேன். வெறுங்கையைத்தான் மேசையில் வைத்தேன்.

“காரணம் ஒண்ணும் இல்லீங்க மிஸ்” என்றேன். “எனக்குப் புரியல.”

சிவப்புப் பேனை நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கதிரையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எந்தக் கணக்கு?”